வாயைத் திறங்க

“உங்களுக்குச் சுகர் பாக்குற டாக்டர் ஒரு நாளாச்சும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்திருக்காகளா?”

பல் மருத்துவர் ஜெஸ்லின் இப்படிக் கேட்டபோது சங்கரலிங்கம் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். எச்சில் உறிஞ்சும் குழாய் வாய்க்குள் இருந்ததால் தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினார்.

கம்பத்திலிருந்து தேனிக்குப் பஸ் ஏறி வந்திருந்தார். கம்பத்திலும் பல் டாக்டர்கள் உண்டு. ஆனால் அங்கே வாசலில் நின்றால் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது என்ன ஏது என்று விசாரிப்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் நாற்பது கிலோமீட்டர் பயணம். பதிவுச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினார். இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருந்தது உண்மைதான்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது ஐந்தாறு வருடமாகவே இருந்தது. பிரஷ் முரடு என்று மெத்தென்ற பிரஷ் வாங்கினார். பிறகு பேஸ்ட்டை மாற்றினார். கடைசியில் ரத்தம் வருகிற பக்கத்தைத் தேய்க்காமலே விட்டுவிட்டு, ரத்தம் நின்றுபோனதாக மனைவி மாரீஸ்வரியிடம் பெருமையடித்துக்கொண்டார். அவர் பேசும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயதானால் புருஷன் பேச்சு சலித்துவிடும் போல என்று நினைத்தாரே தவிர, தன் வாய் நாற்றத்தைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லை. போன வாரம் முறுக்கைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஆட்டம் கண்ட பிறகுதான் பயம் வந்தது.

ஜெஸ்லின் மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டிய பள்ளம் ஏழு வரை போயிருந்தது. ஈறு பல்லை விட்டுக் கழன்று பை மாதிரி ஆகிவிட்டதாகவும், உள்ளே பல்லில் படிந்த காரையும் சீழும் சேர்ந்து எலும்பைக் கரைப்பதாகவும் சொன்னார். வலிக்கவே இல்லையே என்றார் சங்கரலிங்கம். வலிக்காமல் அரிப்பதுதான் இந்த நோயின் குணம் என்றார் ஜெஸ்லின்.

“ஈறுல இம்புட்டுப் புண்ணை வச்சுக்கிட்டு சுகரு எப்படி இறங்கும்? சுகரு கூடக்கூட ஈறும் கெடும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடும். இருதயத்துக்கும் நல்லதில்ல. இதை உங்க டாக்டர் சொல்லலையா?”

சங்கரலிங்கம் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவருக்கு அந்த யோசனையே வராதும்மா. ரிப்போர்ட்டை வாங்குவாரு, நம்பரைப் பாப்பாரு, மாத்திரையைக் கூட்டுவாரு. அம்புட்டுத்தான் அவரு வைத்தியம்.”

“அப்ப ஏன் அவுககிட்டயே போறீக?”

“பழகிப்போச்சு. விட முடியல.”

நான்கு வாரம், வாரம் ஒருநாள் வந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்தார் ஜெஸ்லின். காலையும் இரவும் தேய்க்க வேண்டும், பல் இடுக்குக்கென்று தனிச் சின்ன பிரஷ் போட வேண்டும் என்று கண்ணாடியைப் பிடித்துச் செய்து காட்டினார். வருகிற ஒவ்வொரு முறையும் சங்கரலிங்கம் அந்த சுகர் டாக்டரைக் கேலி செய்தார். வாசலில் கூட்டம் சேர்ந்ததும் அந்த ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார். ஜெஸ்லினுக்கே பாவமாகிவிட்டது. டாக்டர்களும் மனுசங்கதான் என்று பரிந்து பேசிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் மட்டும் அவர் கேலி பேசவில்லை. அந்த டாக்டரிடம் வரும் சோணையம்மாள் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார். கூலி வேலைக்குப் போகிறவள். எத்தனை மாத்திரை கொடுத்தும் சுகர் இறங்கவில்லை. திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாய் என்று அத்தனை பேர் முன்னாலும் டாக்டர் அவளைத் திட்டினார். அவள் சத்தியம் செய்து அழுதாள். அப்போதே அவளுக்கு நாலைந்து பல் விழுந்திருந்தது.

“அவளுக்கும் ஈறுதான் காரணமா இருந்திருக்குமோ?”

“இருந்திருக்கலாம். பாத்தாத்தான தெரியும்?”

சங்கரலிங்கம் தானாகவே மல்லாந்து படுத்து வாயைத் திறந்தார்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்தார். 8.9 ஆக இருந்த சுகரின் மூன்று மாதச் சராசரி 8.2 ஆகியிருந்தது. மாத்திரையைக் கூட்டாமல் இறங்கியது இதுவே முதல் தடவை. பல்லின் ஆட்டமும் குறைந்திருந்தது. மாரீஸ்வரி இப்போது முகம் பார்த்துப் பேசுவதாகவும், பேச்சில் முக்கால்வாசி திட்டுதான் என்றும் சொன்னார்.

ஜெஸ்லின் சிரித்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர் போல மேஜையிலிருந்த போனை எடுத்தார்.

“அந்த டாக்டர் நம்பரைக் குடுங்க ஐயா. சண்டை போட மாட்டேன். இனிமே வாரவக வாயையும் ஒருக்கா பாருங்கன்னு சொல்றேன். சோணையம்மா மாதிரி இன்னும் எத்தனை பேரு இருக்காகளோ.”

சங்கரலிங்கம் ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜெஸ்லின் அழுத்திவிட்டுக் காதில் வைத்தார்.

சங்கரலிங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

“இருபத்திரண்டு வருசமா கம்பத்துல சுகர் வைத்தியம் பாக்குறது நாந்தாம்மா,” என்றார் அவர். “சண்டையே போடுங்க.”