ஏழாம் சாவடியின் பச்சைப் புள்ளி

படைத் தலைமையகத்தின் கட்டளை அறையில், மதிய வெயில் புதுத் திரையின் மேல் சாய்ந்து விழுகிறது. பன்னிரண்டு எல்லைச் சாவடிகளும் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகளாக அதில் ஒளிர்கின்றன. "பாத்தியாம்மா, இனி ஒருத்தனையும் கூப்பிட்டுக் கேக்க வேணாம். பச்சைன்னா பத்திரமா இருக்கான்னு அர்த்தம்," என்று தளபதி பூரித்துப்போகிறார். டெலிபோன் ஆபரேட்டர் தலையை ஆட்டுகிறாளே தவிர, ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சாயங்காலம் கழற்றப்போகும் பழைய போனில் ஏழாம் சாவடிக்கு மணி போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே இருப்பவன் அவள் தம்பி. இரண்டாவது மணிக்குள் எடுத்து "சொல்லுக்கா" என்பவன். இது இருபதாவது மணி. "ஏழு எடுக்க மாட்டேங்குது, ஐயா." "அதான் பச்சையா இருக்கே! சாப்பிடப் போயிருப்பான்." அவளும் அதை நம்பத்தான் பார்க்கிறாள். மேசைக்கடியில் வேலையாயிருந்த பொறியாளர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். கையில் ஒரு தடித்த ஒயர் தொங்குகிறது. "சாவடியிலேர்ந்து இந்தத் திரைக்கு வர்ற லைன் இதுதாங்க, போன் லைன் இல்ல. காலையிலயே கழட்டிட்டேன், இப்பதான் திரும்பச் சொருகப்போறேன்." தளபதியின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. பொறியாளர் மறுபடி குனிகிறார். சொருகாமலே இருந்துவிடக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றுகிறது. ஏழாம் புள்ளி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.