சத்தம் சரியில்லை

“அம்மணி, புது சைலன்சர் மாட்டினதுல இருந்து வண்டி டப்பு டப்புன்னு வெடிக்குது. அதுவும் உட்டு உட்டுத்தான் வருது. சரி பண்ணிக் குடு” என்றார் விவசாயி தம்பிதுரை.

வெள்ளகோவில் மெக்கானிக் புவனா, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

“காத்து ஜாஸ்தியாப் போகுது, பெட்ரோல் பத்தலீங்க. இந்தச் சைலன்சருக்குத் தகுந்தாப்ல கார்பரேட்டர்ல பெட்ரோல் அதிகமா உடற பெரிய ஜெட் போடோணுங்க. ஆமா, அறுபது வயசுல உங்களுக்கு எதுக்குங்க இது?”

தம்பிதுரை சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போய்விட்டார்.

புவனா ஜெட்டை மாற்றி, காற்று ஸ்க்ரூவைத் திருகி, சாயங்காலம் தானே வண்டியை அவர் தோட்டத்துக்கு ஓட்டிப் போனாள். வழியில் ஒரு வெடிகூட இல்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

தம்பிதுரை வாசலுக்கு ஓடி வந்தார்.

“ஏன் அம்மணி, சத்தத்தையே காணோம்?”

“சரி பண்ணிப்போட்டேனுங்க!”

“உடாம வெடிக்கற மாதிரி சரி பண்ணச் சொன்னா, ஒரேயடியா நிறுத்திப்போட்டியே!”

அவருக்குப் பின்னால், தக்காளிக் காட்டுக்குள் ஏழெட்டு மயில்கள் தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தன. பிறகு, நிதானமாகக் குனிந்து பழங்களைக் கொத்தத் தொடங்கின.