பல் தடம்

"ஈரக் கையோட தொடாதீங்க. இன்னும் சரியாக் காயல."

டீச்சர் வாயைக் குவித்து மீனின் முதுகில் மெல்ல ஊதினாள். விரல் நீளத்துக்கு ஒரு மர மீன். தூண்டிலில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்தால், நிஜ மீன் ஏமாந்து வந்து கவ்வும். மரத்தைச் செதுக்குவது அவள் கணவன், ஆபீஸ் கிளார்க். உப்புத்தாளால் தேய்த்து, நிறம் பூசி, கண் வைத்து முடிப்பது இவள். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற கை. சும்மா சொல்லக்கூடாது, பச்சை முதுகும் சிவப்புக் கோடுமாகத் துள்ளிவிடும்போல் இருந்தது.

கிளார்க் கையைத் துடைத்துவிட்டு வந்து மீனை வாங்கிப் பார்த்தான்.

"பளபளப்பையே காணோமே?"

"பளபளன்னு இருந்தா மீன் மிரளுதாம். அதான் இந்தத் தடவை இப்படி. தண்ணில போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"உன் கை பட்டதுல்ல, மீன் தானா வந்து மாட்டும்" என்று ஐஸ் வைத்தான். டீச்சர் சிரித்துக்கொண்டே மீனைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

ஏரிக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். தூண்டில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளார்க் வலது பக்கம் திரும்பினான். அங்கே மூன்றாவது தெருவில் தையல்காரியின் வீடு. நாலு மாதமாக இவனுடைய ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப்பு அந்த வீட்டுக்குள்தான் நடக்கிறது. திரும்பும்போது சந்தையில் மூன்று மீன் வாங்கி, ஒவ்வொன்றின் உதட்டையும் தூண்டில் முள்ளால் கிழித்துவிடுவான். ஆள் அவ்வளவு விவரம்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்று கேட்டாள் தையல்காரி.

"போன வாரம் அவ மீனைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. 'வாராவாரம் மூணு மீன் மாட்டுதுங்கறீங்க, இதுல ஒரு பல் தடம்கூட இல்லையே'ன்னு கேட்டா. எனக்கு உசுரே போயிடுச்சு."

போகத்தான் செய்யும். குடியிருக்கிற வீடு டீச்சரின் அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்தது. ஆபீஸ் வேலையும் அந்த மனுஷன் பத்துப் பேர் வாசலில் நின்று வாங்கிக்கொடுத்ததுதான். விஷயம் வெளியே வந்தால் கிளார்க் கட்டிய துணியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

"இதுக்கா இந்தப் பயம்? இங்க குடுங்க."

தையல்காரி துணியில் கோடு போடுகிற பற்சக்கரத்தை எடுத்தாள். மீனை மடியில் மல்லாத்தி வைத்து, வயிற்றில் அழுத்தி ஓட்டினாள். வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. கத்தரி நுனியால் வாலோரம் இரண்டு கீறலும் போட்டாள். எந்த மீனும் இவ்வளவு நேர்த்தியாகக் கடித்திருக்காது.

"பாவம், உங்க வீட்டம்மா. கண்ணு முழியெல்லாம் எவ்வளவு பொறுமையா எழுதியிருக்காங்க."

"அவளுக்கு வேற என்ன தெரியும்? நாள் பூரா கலர் குழைக்கத் தெரியும். அவ்வளவுதான்."

இருவரும் சிரித்தார்கள். அவள் மரமீனை எடுத்து அவன் கன்னத்தைக் கடிப்பதுபோல் வைத்தாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

மத்தியானம் கிளம்பி, சந்தையில் மீன் வாங்கினான். தெருக் குழாயில் பேன்ட் ஓரத்தை நனைத்துக்கொண்டான். வீட்டு வாசலில் நின்று களைத்த முகம் ஒன்றையும் மாட்டிக்கொண்டான்.

டீச்சர் சாப்பாடு எடுத்துவைத்திருந்தாள். கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர்கூடத் தயாராக இருந்தது. அவன் வாங்கி வந்த மீன்களை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் மர மீனைத்தான் கேட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வயிற்றுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"அட, கடிச்சிருக்கே."

கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சாதாரணக் கடியா அது? பெரிய மீன் ஒண்ணு, விடவே மாட்டேன்னுடுச்சு. நானா அதுவான்னு ஆயிப்போச்சு."

"எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள கிடந்துச்சு?"

"காலைல போட்டது. கிளம்பறப்பத்தான் எடுத்தேன். அஞ்சு மணி நேரம் இருக்கும்."

"ஆழத்துக்கெல்லாம் போச்சா?"

"அடி மண்ணைத் தொட்டுட்டு வந்துச்சுன்னா பாத்துக்கயேன்." முதல் கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டான். உயிர் வந்த வேகத்தில் கொஞ்சம் தாராளமாகவே அளந்தான். "நீ அடிச்ச பெயின்ட்டைச் சொல்லணும். ஒரு பொட்டு உதிரல பாரு."

"உதிரலதான்" என்றாள் டீச்சர். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, அதில் மர மீனைப் போட்டாள். அது மிதக்கப் பார்த்தது. ஒரு விரலால் முதுகில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சை கரைந்து பரவியது. சிவப்பும் பின்னாலேயே போனது. கண் இருந்த இடத்தில் வெறும் கட்டை தெரிந்தது. கிளார்க் உருட்டிய அடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான்.

"ஸ்கூல்ல பிள்ளைங்க அடிக்கிற வாட்டர் கலருங்க." டீச்சர் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். "இப்பத்தான் இது முதல் தடவையாத் தண்ணியைப் பாக்குது."