அனிஷைப் பார்க்க ஒரு பயணம்

ஞாயிறு பூசை முடிந்ததும் இராஜாக்கமங்கலத்திலிருந்து ஞானசெல்வி மகளுக்குப் போன் செய்வாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“தம்பி எப்படியிருக்கான் மக்கா?”

“நல்லா இருக்கான்ம்மா,” என்பாள் ரெஜிஷா. திருவனந்தபுரத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை.

இந்த ஞாயிறு அவள் அதோடு நிறுத்தவில்லை.

“அம்மா, அனிஷுக்கு மருந்து ஏன் கேக்கலைன்னு கண்டுபிடிச்சாச்சு. செல்லுக்கு மேல ஒரு புரோட்டீன் உண்டு. மருந்து வந்து தொட்டா அது வளைஞ்சு குடுக்கணும். அவனுக்கு அது வளையவே இல்ல. அதோட வடிவத்தை இப்போ பாத்துட்டோம். இனி அதுக்குப் பொருந்துற மருந்தைத் தேடலாம்.”

ஞானசெல்வி உடனே கேட்டாள்:

“நான் வந்து அவனைப் பாக்கட்டா?”

“வாம்மா.”

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். வழி முழுக்கக் கையில் ஜெபமாலை உருண்டது. அனுமதி வாங்கி வைத்திருந்த ரெஜிஷா, அம்மாவுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி உள்ளே அழைத்துப் போனாள்.

அந்த அறையில் கட்டில் இல்லை. மேசைமேல் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, அனிஷ் இறப்பதற்கு முந்தின வாரம் அவன் உடம்பிலிருந்து எடுத்த செல்கள், அதன் அடியிலிருந்த சிறு தட்டில் இன்னும் உயிரோடு பெருகிக்கொண்டிருந்தன.

ஞானசெல்வி குனிந்து கண்ணை வைத்தாள்.

“இதில எது மக்கா அவன்?”

“எல்லாமே அவன்தாம்மா.”

அவள் கண்ணை எடுக்கவில்லை.

“ஏலே, அம்மா வந்திருக்கேன்,” என்றாள்.