ஃபேன் ஓடவில்லை

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதுமே அப்துல் ஜலீல் காரை ஓரங்கட்டினார். கீவளூர் தாண்டி, வழக்கமான அதே மதகடி.

"வண்டி மறுபடியும் சூடாயிடுச்சு. தண்ணி ஊத்தணும்" என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே.

ஜன்னத் பீவி கண்ணாடியை இறக்கி, பானெட் பக்கம் காதைக் கொடுத்தாள். ஃபேன் ஓடவில்லை.

நேற்று அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மெக்கானிக் மருதையனை வீட்டுக்கே வரவழைத்துக் காரைக் காட்டியிருந்தாள். அவன் எஞ்சினைக் காட்டிப் பாடமே எடுத்துவிட்டான்.

"இங்க பாருங்கக்கா, சூடு பாக்க ரெண்டு சென்சார் இருக்கு. ஒத்தை வயர் வர்றது மீட்டர் முள்ளுக்கு. ரெட்டை வயர் வர்றது ஃபேனுக்கு. நெசமாவே சூடானா முள்ளும் ஏறும், ஃபேனும் ஓடும். ஒத்தை வயருக்கு எர்த் குடுத்தா முள்ளு மட்டும் சரக்குன்னு ஏறிடும்."

பிறகு குனிந்து பார்த்தவன் தலையைச் சொறிந்தான். "மீட்டர் வயர்ல யாரோ ஒட்டுப் போட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில சுவிட்ச் வச்சிருக்காங்களே!"

"எதையும் தொடாதீங்க தம்பி. மூடிடுங்க" என்றாள் ஜன்னத் பீவி.

நாலு மாதமாக, நாகூர் தர்காவுக்குப் போகும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கார் இங்கேதான் சூடாகிறது. இடம் பார்த்துச் சூடாக வண்டிக்கென்ன தெரியும்?

அவள் கிழித்த கோட்டைத் தாண்டாத மனுஷன் அவர். அவளில்லாமல் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். இன்னார் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டபோதுகூட வாயே திறக்கவில்லை. அப்படிப்பட்டவரின் சட்டைப் பையில் போன வாரம் மருந்துக்கடைச் சீட்டு ஒன்று கிடைத்தது. கிரைப் வாட்டர், ஒரு பாட்டில்.

கைக்குழந்தை இல்லாத வீட்டுக்கு எதற்குக் கிரைப் வாட்டர்? ஐம்பத்தாறு வயதில் சின்ன வீடு கேட்கிறதா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது இதற்குத்தானா?

ஜலீல் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"வாய்க்கால்ல தண்ணி ஓடுதே, அதை மொண்டு ஊத்துங்களேன்?"

"அது சேறும் சகதியும். தெருவுல நல்ல தண்ணி பைப் இருக்கு. பத்தே நிமிஷம்."

அவர் தெரு திரும்பியதும் அவளும் இறங்கினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பைப்பில் நாலு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மூன்றாவது வீட்டில் கதவைக்கூடத் தட்டாமல் சொந்த வீடு மாதிரி நுழைந்தார்.

ஜன்னத் பீவி வாசல் திரைச்சீலையை விலக்கினாள். காலிக் கேன் ஒரு மூலையில் கிடந்தது. ஜலீல் மடியில் ஒரு கைக்குழந்தை. அதன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு சேலைத் தலைப்பு அடுக்களைக்குள் மறைந்தது.

"யாருடி அவ? வெளிய வாடி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஜலீல் குழந்தையோடு எழுந்தார். "ஜன்னத், சத்தம் போடாத… புள்ள பயந்துக்கும்" என்றார்.

"யாரு புள்ளங்க அது? சொல்லுங்க! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்!"

ஈரக் கையைத் துடைத்தபடி அடுக்களையிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளைப் பார்த்ததும் ஜன்னத் பீவி ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள். படிக்கு வெளியே வைத்த கால் உள்ளே வரவில்லை.

வந்தவள் சாந்தமாகச் சொன்னாள்:

"பெத்த பொண்ணையே வாசப்படி மிதிக்காதன்னு நீங்கதானம்மா சொன்னீங்க, நான் சொல்லலியே… உள்ள வாங்க."