உடம்புச் சூடு

தூக்குப்போசியைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சின்னப் போசிதான். நேற்றே தேய்த்து வெயிலில் காயவைத்தது.

ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் பால் வாங்குகிற பாத்திரத்தோடு ஒருத்தி வந்திருக்கிறாளே என்று யாரும் சிரித்துவிடக் கூடாது. அதற்குத்தான் தலைப்பு.

ஆனால் துளசிமணி பால் வாங்கத்தான் வந்திருந்தாள். அவளுடைய பாலையே.

கொடுத்து இருபது வருஷம் ஆகப்போகிறது.

பாப்பாவுக்குத் தடுப்பூசி போட இதே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள். ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் தாய்ப்பால் வேண்டும் என்று ஒரு டாக்டரம்மா கேட்டார். மற்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துளசிமணிக்கோ ரவிக்கை நனைந்து கிடந்தது. ஒரு சீசா நிறையக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஊருக்கே ஊத்தலாமாட்ட இருக்குதே" என்று பஸ்ஸில் வரும்போது புருஷன் காதோரம் கேலி பேசினான். அவன் தொடையில் கிள்ளினாள். அப்படி ஒரு பெருமை அப்போது.

பாப்பா குடிக்கிற அழகே அழகு.

ஒரு கையால் தாலிக்கொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாலு வாய் குடிக்கும். நிறுத்தும். நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாயா என்று ஒரு பார்வை பார்க்கும். அப்புறம் பெரிய மனுஷி கணக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி தொடங்கும்.

தூங்கிப்போன பின் அதன் வாயோரம் மூக்கை வைத்தால் புளிப்பும் தித்திப்புமாக ஒரு வாசம் வரும். அதற்காகவே துளசிமணி அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்து வந்து குனிவாள்.

பேர் வைக்கவில்லை. அதற்குள் காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது.

பாலுக்கு அது தெரியவில்லை. நேரத்துக்கு நேரம் சுரந்தது. வற்றட்டும் என்று மாமியார் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்.

"மிச்சப் பாலச் செடி வேர்லதான் ஊத்தோணும். ஊரான் கால் படற எடத்துல உட்டுட்டு வந்தயே, அப்பறம் புள்ள எப்படித் தங்கும்?"

மாமியாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தப் பேச்சு மட்டும் போய்ச் சேரவில்லை. துளசிமணி அன்றிலிருந்து தலையில் மல்லிகை வைப்பதில்லை.

போன வாரம் இங்கிருந்து போன் வந்தது. உங்கள் பாலில் இருந்த நல்ல பாக்டீரியா இன்னும் எங்களிடம் இருக்கிறது, குறைமாதக் குழந்தைகளின் வயிற்றுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கலாமா, உங்கள் சம்மதம் வேண்டும் என்றார்கள்.

அவளுக்கு அதில் பாதி பிடிபடவில்லை. தன் பால் இன்னும் இங்கேயே கிடக்கிறது என்பது மட்டும் பிடிபட்டது.

சம்மதமாவது ஒன்றாவது. வாங்கிக்கொண்டு போய் வாசல் செம்பருத்தி வேரில் ஊற்றிவிட வேண்டும். அதோடு அந்தப் பழி தீர வேண்டும்.

ஆய்வகத்துப் பெண் வந்தாள். மேகலாவாம். சின்ன வயசு. தலைப்புக்குள் துருத்திக்கொண்டிருந்த போசியைப் பார்த்தாள். எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சிரிக்கவில்லை. அதற்கே துளசிமணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"பால் அப்பவே தீந்துருச்சுங்கம்மா. அதுல இருந்த உசுருதான் இருக்குது. வந்து பாருங்க."

உள்ளே சுவரோரம் ஒரு பெட்டி. மேகலா அதன் கதவைத் திறந்து ஒரு வட்டத் தட்டைக் காட்டினாள். தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ரவை சிந்தினாற்போல.

"இத்தன வருசம் ஒறைய வெச்சிருந்தமுங்க. இப்பத்தான் எழுப்பியிருக்கறோம்."

"இது பூராம் என்னோடதா?"

"உங்களோடதும் இருக்கும், பாப்பாவோடதும் இருக்கும். குடிக்கறப்ப அதோட எச்சில் கொஞ்சம் மாருக்குள்ள திரும்பிப் போகுமுங்க. இதுல யாரோடது எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."



வீட்டில் பாப்பாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. சட்டை, கிலுகிலுப்பை, கறுப்பு வளையல் எல்லாவற்றையும் கூடவே வைத்து மூடிவிட்டார்கள். ஒன்றையாவது ஒளித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று எத்தனை நாள் தன்னையே வைதிருக்கிறாள்.

பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

லேசான புளிப்பு வாசம்.

கையை உள்ளே நீட்டினாள். வெதுவெதுவென்று இருந்தது.

"ஒடம்புச் சூடுங்க" என்றாள் மேகலா. "அதுலதான் வளரும்."

"பசிக்குமா கண்ணு?"

"பசிக்குமுங்க. பால்தான் வெப்போம்."

நீட்டிய கையை எடுக்க மனம் வரவில்லை. மேகலா அவசரப்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உங்கள் விருப்பம்தான் என்றாள்.

பக்கத்து வார்டில் ஒரு குழந்தை அழுதது. சத்தம் போடக்கூடத் தெம்பில்லாத அழுகை.

துளசிமணிக்கு மார்பு கூசியது. இத்தனை வருஷம் கழித்து.

"அதுகளுக்குக் குடுத்தா இது தீந்துருமா?"

"தீராதுங்கம்மா. எடுக்க எடுக்க வளரும்."

"அப்பக் குடுங்க."

போசியைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்தாள். இனி அதை மறைக்க வேண்டியதில்லை.

மேகலா தட்டை உள்ளே வைத்துவிட்டுக் கதவில் கை வைத்தாள்.

"மெல்லச் சாத்து கண்ணு" என்றாள் துளசிமணி.