கண்ணாடி வேண்டாத நாலு நாள்

சம்பந்தி ஆகப்போகிற கலியபெருமாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். வேம்பு உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

"எதுக்கும்மா?" என்றார் அவர் தணிந்த குரலில். "நேத்து பெரிய மார்க்கெட்ல உங்க வூட்டுக்காரரப் பார்த்துக் கைய ஆட்டினேன். கண்டுக்காமப் போறாரு. என்ன மாதிரி ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வூட்ல பொண்ணு குடுக்கப் புடிக்கலன்னா, வாயால சொல்லிடலாம்."

தட்டு மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது.

"அவரு உங்களப் பார்த்திருக்க மாட்டாருண்ணே."

"அப்ப இது என்ன?" என்று கலியபெருமாள் கூடத்தைக் காட்டினார்.

கூடத்தில் கண்ணாடி போடாமலே பேப்பரின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ராஜாங்கம், நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு? வான்னு ஒரு வார்த்தை வரல பாருங்க."

"பிரஷருக்குப் புது மாத்திரை குடுத்து நாலு நாளாச்சுண்ணே. அதுலேருந்து கண்ணாடியே வேணாம், வயசு திரும்பிடுச்சின்னு குதிக்கிறாரு."

தெருப்பக்கம் திரும்பிய கலியபெருமாள் நின்றார். "நீர் பிரியற மாத்திரையா?"

"ஆமாண்ணே."

அவர் சிரித்துவிட்டார். "அது எங்கியோ ஒருத்தருக்கு இப்பிடிப் பண்ணும்மா. கிட்டத்துல பளிச்சினு தெரியும், தூரம் மங்கிடும். இன்னைக்கே டாக்டர்கிட்ட அழைச்சிக்கினு வாங்க. மாத்திரைய மாத்தினா சரியாப்பூடும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ராஜாங்கத்தின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

ராஜாங்கம் துள்ளி எழுந்தார். "அடடே, சம்பந்தி! எப்ப வந்தீங்க? வேம்பு, வாசல்ல எவனோ ரொம்ப நேரமா நிக்கிறானே, அவன அனுப்பிட்டு வந்து சம்பந்திக்குக் காப்பி போடு!"